போடி ரயிலும் பழைய கேமும்: விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடாத கிராஃபிக்ஸின் கதை

2000களின் நடுவில் தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு பிரவுசிங் சென்டர் கண்ணில் படும். பெயர்தான் பிரவுசிங். பள்ளிக்கூடம் விட்டதும் உள்ளே நுழைந்த பையன்கள் பிரவுஸ் செய்யவா போனார்கள்? ரோட் ராஷ், விர்ச்சுவா காப் 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ப்ராஜெக்ட் ஐஜிஐ, கவுன்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி... ஒரு தலைமுறைக்குக் கம்ப்யூட்டர் என்பதே முதலில் இந்தப் பெயர்களாகத்தான் அறிமுகம் ஆனது. எக்ஸெல் எல்லாம் பிறகு வந்தது.

அந்த சிடிக்கள் பலர் வீட்டில் இன்னும் இருக்கின்றன. விண்டோஸ் 11 மெஷினில் போட்டால் பல கேம்கள் ஓடாது, அல்லது நிறம் கெட்டுப்போய் ஓடும். உடனே எல்லோருக்கும் தோன்றும் யோசனை: பழைய விண்டோஸையே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டுவிட்டால் என்ன? அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். போடலாம். எக்ஸ்பி அரை மணி நேரத்தில் ஏறிவிடும். சத்தம் வரும், மவுஸ் நகரும், பச்சைப் புல்வெளி வால்பேப்பரும் வரும். கேமைத் திறந்தால் மட்டும் கருப்புத் திரை. அல்லது "3டி கார்டு இல்லை" என்று ஒரு பெட்டி.

ஏன்? இதற்குப் பதில் போடி ரயில் பாதையில் இருக்கிறது. மதுரை - போடிநாயக்கனூர் பாதை 1928ல் மீட்டர்கேஜாகப் போடப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் முடிவோடு ரயில் நின்றது. 2022 மே மாதம்தான் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்ப வந்தது. ஊர் அதே ஊர், மலையும் அதே மலை. ஆனால் 2010ல் ஓடிய மீட்டர்கேஜ் பெட்டி ஒன்றைப் பத்திரமாகத் துடைத்து வைத்திருந்து இன்று கொண்டுவந்தால் ஓடுமா? பெட்டியின் சக்கரம் 1 மீட்டருக்கு, தண்டவாளம் 1.676 மீட்டருக்கு. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அது எதன் மேல் ஓட வேண்டுமோ அது போய்விட்டது.

கேமுக்கு அந்தத் தண்டவாளம்தான் கிராஃபிக்ஸ் லைப்ரரி. (நூலகம் என்று மொழிபெயர்த்தால் மாவட்ட மைய நூலகம் ஞாபகம் வந்துவிடும் என்பதால் லைப்ரரி என்றே இருக்கட்டும்.) இங்கே ஒரு முக்கோணம் வரை, அதன்மேல் செங்கல் சுவர்ப் படத்தை ஒட்டு என்று கேம் ஆணையிடும். அந்த ஆணைகளை வாங்கி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது லைப்ரரியின் வேலை. இதை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள், ஏன் கைவிட்டார்கள் என்று பார்த்தால் அது டெக்னிக்கல் கதையாக மட்டும் இருக்காது. பாதிக்கு மேல் வியாபாரக் கதை.

சிங்கம் செய்த சேதம்

டாஸ் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 320க்கு 200 புள்ளி, 256 நிறம், விஜிஏ மெமரியில் கேம் நேரடியாக எழுதும். நடுவில் ஆள் கிடையாது. அதனால்தான் டாஸ் கேம்களைக் காப்பாற்றுவது ஒப்பீட்டளவில் சுலபமாக இருந்தது. 2002ல் வந்த டாஸ்பாக்ஸ் அந்த வேலையை இன்றைக்கும் நன்றாகவே செய்கிறது.

விண்டோஸ் வந்ததும் நிலைமை மாறியது. நேரடியாக எழுதக் கூடாது, என்னைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றது விண்டோஸ். கேட்டு எழுதினால் கேம் ஆமை வேகம். இதைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் 1994ல் விங்ஜி என்ற லைப்ரரியைக் கொடுத்தது. அதை நம்பி டிஸ்னி 'லயன் கிங்' கேமை அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு இறக்கியது. காம்பாக் பிரெசாரியோ மெஷின்களின் வீடியோ டிரைவரோடு விங்ஜி ஒத்துப்போகவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் ஆசையாகப் பெட்டியைப் பிரித்த வீடுகளில் கேம் கிராஷ். டிஸ்னியின் உதவி எண்களில் அழைப்புகள் குவிந்தன.

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் மைக்ரோசாஃப்டில் அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் என்ற மூவர் முன்னின்று டைரக்ட்எக்ஸை உருவாக்கினார்கள். முதல் பதிப்பு 1995 செப்டம்பரில் வந்தது. முப்பரிமாணத்துக்கான டைரக்ட்3டி 1996ல் சேர்ந்தது. அது மைக்ரோசாஃப்ட் சொந்தமாக யோசித்ததுகூட அல்ல. ரெண்டர்மார்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியை 1995ல் வாங்கி, அவர்கள் வைத்திருந்ததைத் தட்டிச் சரிசெய்தார்கள். எதிர்ப்பக்கம் சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1992ல் வெளியிட்ட ஓபன்ஜிஎல் இருந்தது. 'க்வேக்' எழுதிய ஜான் கார்மேக் 1996 டிசம்பரிலேயே டைரக்ட்3டியைக் கிழித்துத் தொங்கவிட்டு, தனக்கு ஓபன்ஜிஎல் போதும் என்று எழுதிவிட்டார்.

வூடூ வந்தது, வூடூ போனது

1996 தேனிக்காரர்களுக்கு மறக்க முடியாத வருடம். மதுரையிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிக்கும் அரசாணை அந்த வருடம்தான் வந்தது. அதே வருடம் அமெரிக்காவில் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனியின் வூடூ சிப் வைத்த கார்டுகள் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லைதான்!

ஸ்காட் செல்லர்ஸ், ராஸ் ஸ்மித், கேரி டரோலி ஆகிய மூவரும் சிலிக்கான் கிராஃபிக்ஸில் வேலை பார்த்துவிட்டு வந்து 1994ல் தொடங்கிய கம்பெனி அது. முதலில் ஆர்கேட் மெஷின்களைத்தான் குறிவைத்தார்கள். 1996ல் மெமரி சிப் விலை சரிந்தது. அதனால்தான் 4 எம்பி மெமரியோடு சுமார் 300 டாலருக்கு வீட்டுக் கார்டு சாத்தியமானது. வூடூவுக்கு 2டி படம் வரையவே தெரியாது. ஏற்கெனவே இருக்கும் கார்டிலிருந்து ஒரு கேபிளை வூடூவுக்குள் விட்டு, அங்கிருந்து மானிட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். கேம் தொடங்கும்போது 'டக்' என்று ரிலே மாறும் சத்தம் கேட்கும். அதன் பிறகு திரையில் வருவதை அந்தக் காலத்து ஆட்கள் நம்ப மாட்டார்கள், அவ்வளவு வழுவழுப்பு.

இந்தக் கார்டுக்கென்றே கம்பெனி எழுதிய லைப்ரரிதான் கிளைட். எளிமையானது, வேகமானது. ஆனால் வூடூவைத் தவிர வேறு கார்டில் ஓடாது. அதுதான் உத்தேசமே. கேம் எழுதுபவன் கிளைடில் எழுதினால், கேம் வாங்குபவன் வூடூ வாங்கித்தான் ஆக வேண்டும். ரேஸரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கும் கதையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டது போல. இரண்டு மூன்று வருடம் இந்தக் கணக்கு அருமையாக வேலை செய்தது.

பிறகு ஒரு தப்புக் கணக்கு. அதுவரை த்ரீடிஎஃப்எக்ஸ் சிப்பை மட்டும் விற்றது. கார்டு செய்தது டயமண்ட், கிரியேட்டிவ் போன்ற கம்பெனிகள். 1998 டிசம்பரில் எஸ்டிபி என்ற கார்டு கம்பெனியையே வாங்குவதாக அறிவித்து, இனி நாங்களே கார்டு செய்துகொள்கிறோம் என்றது. நேற்று வரை வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள் ஒரே நாளில் போட்டியாளர்கள் ஆனார்கள். அவர்கள் நேராக என்விடியா பக்கம் போய்விட்டார்கள். 1999ல் ஜிஃபோர்ஸ் 256 வந்தது. 2000 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸின் சொத்துக்களை என்விடியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2002 அக்டோபரில் திவால் மனு. ஒரு சிப் கம்பெனி தன் விநியோகச் சங்கிலியைத் தானே எப்படி அறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு காமர்ஸ் வகுப்பில் நடத்த வேண்டிய உதாரணம் இது.

கம்பெனி போனது சரி, கிளைடை நம்பி எழுதப்பட்ட கேம்கள்? அவை அனாதை ஆயின. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, பெட்டிகள் அப்படியே நின்றன.

துபாஷிகள்

வழி கண்டுபிடித்தவர்கள் தனி ஆட்கள். விண்டோஸில் ஒரு வசதி உண்டு. கேம் ஒரு டிஎல்எல் கோப்பைத் தேடும்போது பெரும்பாலும் முதலில் தன் ஃபோல்டரிலேயே பார்க்கும். ஆகவே கிளைட்2எக்ஸ்.டிஎல்எல் என்று அதே பெயரில் ஒரு போலிக் கோப்பை எழுதி அங்கே போட்டுவிட்டால், கேம் அதையே நிஜக் கிளைட் என்று நம்பிப் பேசும். போலியோ கேட்டதையெல்லாம் டைரக்ட்3டிக்கோ ஓபன்ஜிஎல்லுக்கோ மாற்றி இன்றைய கார்டுக்குச் சொல்லும். கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் ஊர் வியாபாரிக்கும் நடுவில் நின்ற துபாஷியின் அதே உத்தியோகம். இதற்கு ராப்பர் என்று பெயர்.

1999 ஜனவரியில் அல்ட்ராஎச்எல்இ என்ற நின்டெண்டோ 64 எமுலேட்டர் வந்தபோது இந்த ராப்பர்களுக்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது. அது கிளைட் இருந்தால்தான் ஓடும், வூடூ இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? த்ரீடிஎஃப்எக்ஸ் முதலில் ராப்பர்களைச் சட்டம் காட்டி மிரட்டியது. அதே வருடக் கடைசியில், கையிலிருந்த பிடி நழுவிய பிறகு, கிளைடின் சோர்ஸ் கோடைத் தானே வெளியிட்டது. கம்பெனிக்கு அது காலம் கடந்த ஞானம். பின்னால் வந்தவர்களுக்கு அதுதான் உயில். இன்று பலரும் பயன்படுத்தும் என்கிளைட், டிஜிவூடூ 2 இரண்டும் இந்தத் துபாஷி வம்சத்தைச் சேர்ந்தவை. டிஜிவூடூ 2 பழைய டைரக்ட்எக்ஸ் பதிப்புகளுக்கும் சேர்த்து மொழிபெயர்க்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ன் புல்வெளி விண்டோஸ் 7ல் ஊதா நிறமாகத் தெரிந்ததை ஞாபகம் வைத்திருப்பவர்கள் உண்டு. 256 நிறத் தட்டை அந்தக் கேமும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்ததால் வந்த கோளாறு அது. எக்ஸ்ப்ளோரரைக் கொன்றுவிட்டு கேமைத் திறப்பார்கள்! இன்று சிஎன்சி-டிடிரா போன்ற ஒரு சின்ன ராப்பர் போதும்.

மலையைக் குடைந்தது

ராப்பர் போதாத கேம்களும் இருக்கின்றன. இன்ஸ்டாலரே 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. அப்போதுதான் விர்ச்சுவல் மெஷின் தேவைப்படுகிறது.

1998ல் தொடங்கிய விஎம்வேர் 1999ல் முதல் வொர்க்ஸ்டேஷனை வெளியிட்டது. 2003ல் ஃபாப்ரிஸ் பெல்லார்டின் கியூஇஎம்யூ வந்தது. இவை கொடுத்த பொய்க் கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தன, கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் ரொம்ப ஏழை. வர்ச்சுவல் பிசி என்ற மென்பொருள் எஸ்3 ட்ரியோ கார்டுபோல நடித்தது. கியூஇஎம்யூ சிரஸ் லாஜிக் கார்டுபோல நடித்தது. இரண்டும் 1990களின் நடுவில் வந்த, 3டி தெரியாத கார்டுகள். கணக்குப் போடும் மென்பொருளுக்கு அது தாராளம். விர்ச்சுவல் மெஷினுக்குக் காசு கொடுத்தவர்களெல்லாம் பத்து சர்வரை ஒன்றாக்க வந்த கம்பெனிகள். அவர்களில் யார் வைஸ் சிட்டி கேட்டார்கள்?

வழி இல்லாமல் இல்லை. முல்லைப் பெரியாறு நீர் மலைக்கு அந்தப்பக்கம் தேங்கி நிற்கிறது. வயல்கள் இந்தப்பக்கம் கம்பத்தில் இருக்கின்றன. 1895ல் மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தண்ணீரைத் திருப்பினார்கள். விர்ச்சுவல் மெஷினிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கெஸ்டிடம் நல்ல கார்டு இல்லை, வெளியே இருக்கும் ஹோஸ்டிடம் இருக்கிறது. கெஸ்டுக்குள் ஒரு விசேஷ டிரைவரைப் போட்டு, கேம் கேட்கும் ஒவ்வொரு ஆணையையும் சுவரைத் தாண்டி ஹோஸ்டுக்கு அனுப்பி, நிஜக் கார்டில் வரையச் செய்ய வேண்டும்.

இந்தச் சுரங்கத்தை அவசரமாகத் தோண்டவைத்தது யார் தெரியுமா? மேக் வாங்கியவர்கள்! ஆப்பிள் 2006ல் இன்டெல் சிப்புக்கு மாறியதும், மேக்குக்குள் விண்டோஸ் ஓட்டலாம் என்று ஒரு புதுச் சந்தை பிறந்தது. அவர்கள் காசு கொடுக்கத் தயார், கேம் கேட்டார்கள். 2007 ஜூனில் பேரலல்ஸ் 3.0 3டியோடு வந்தது. ஆகஸ்டில் விஎம்வேர் ஃப்யூஷன் வந்தது. பேரலல்ஸ் தன் 3டிக்கு லினக்ஸ் உலகத்தின் ஒயின் திட்டத்திலிருந்து கோடை எடுத்திருந்தது. மாற்றியதை வெளியிட வேண்டும் என்பது உரிம நிபந்தனை. தாமதித்துச் சத்தம் கிளம்பிய பிறகுதான் வெளியிட்டார்கள்.

விர்ச்சுவல்பாக்ஸும் ஒயினைத்தான் நம்பியது. 2008 டிசம்பரில் வந்த 2.1ல் ஓபன்ஜிஎல், 2009 ஜூன் கடைசியில் வந்த 3.0ல் டைரக்ட்3டி 8, 9. கேம் டைரக்ட்3டியில் பேசும். கெஸ்டுக்குள் இருக்கும் ஒயின் கோடு அதை ஓபன்ஜிஎல் ஆக்கும். குரோமியம் என்ற ஒரு பாகம் (கூகுளின் உலாவி இல்லை, ஸ்டான்ஃபோர்டில் பிறந்த வேறு குரோமியம்) அதைச் சுவருக்கு வெளியே கடத்தும். ஹோஸ்டின் கார்டு படம் வரையும். மூன்று கை மாறி வரும் சரக்கு, வழியில் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். நிழல் காணாமல் போகும், தண்ணீர் வெள்ளையாகத் தெரியும்.

எக்ஸ்பி காலத்துக் கேம்களுக்கு அது பொற்காலம் என்றே சொல்லலாம். நீடிக்கவில்லை. 2019 டிசம்பரில் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பழைய 3டி முறையைத் தூக்கி எறிந்தது. புது முறை எக்ஸ்பி கெஸ்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 2022 அக்டோபரில் வந்த 7.0ல் டைரக்ட்3டி 11 எல்லாம் உண்டு, ஆனால் அது புது விண்டோஸுக்கு. எக்ஸ்பியில் வைஸ் சிட்டி வேண்டுமென்றால் 6.0 தொடரைத் தேடிப்பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது விஎம்வேர் பக்கம் போக வேண்டும். (பிராட்காம் கைக்குப் போன பிறகு வொர்க்ஸ்டேஷன் 2024ல் தனிநபர்களுக்கு இலவசமாகிவிட்டது என்பது ஒரு சின்ன ஆறுதல்.)

விண்டோஸ் 98 நிலைமை இன்னும் பரிதாபம். அதற்கு 3டி சுரங்கத்தை எந்தக் கம்பெனியும் தோண்டவே இல்லை. அதையும் தனி ஆட்கள்தான் செய்தார்கள், இரண்டு விதமாக. பிசியெம், 86பாக்ஸ் ஆகியவை வூடூ சிப்பையே சிப்பாக, ஒவ்வொரு அசைவும் மாறாமல் நடித்துக் காட்டுகின்றன. மிகத் துல்லியம், அதற்கு ஈடாக ஹோஸ்டின் பிராசஸரைப் பிழிந்து எடுக்கும். கியூஇஎம்யூ-3டிஎஃப்எக்ஸ் நடிப்பை விட்டுவிட்டு, கிளைட் ஆணைகளை நேராக ஹோஸ்டுக்குக் கடத்துகிறது. 2023 வாக்கில் வந்த சாஃப்ட்ஜிபியூ, விண்டோஸ் 98க்கென்றே புதிதாக ஒரு டிஸ்ப்ளே டிரைவரை, மீசா என்ற திறந்த ஓபன்ஜிஎல் லைப்ரரியின் மேல் கட்டிக் கொடுத்தது. மைக்ரோசாஃப்டே 2006ல் கைகழுவிய ஒரு விண்டோஸுக்குப் புதுசாக டிரைவர் எழுதுகிறார்கள், பத்து பைசா வருமானம் இல்லாமல்.

பாஸ் லினக்ஸ் லேப்டாப்பில்

தமிழ்நாட்டில் இதே பிரச்சனை வேறு வாசல் வழியாகவும் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் பக்கம் நுழைந்து விண்டோஸ் கேமை ஓட்ட நினைத்தால் கையில் இருந்தது ஒயின்தான். மறுபடியும் டைரக்ட்3டியை ஓபன்ஜிஎல்லாக மாற்றும் அதே வேலை, லேப்டாப்போடு வந்த சாதாரணக் கிராஃபிக்ஸில். அதே ஒயின், வல்கனுக்கு மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகேவோடு சேர்ந்து, 2018 ஆகஸ்டில் வால்வ் கம்பெனியின் புரோட்டான் ஆனது. 1993ல் ஆர்வலர்கள் தொடங்கியதன் மேல் 25 வருடம் கழித்து ஒரு பெரிய கம்பெனி கடை போட்டது. பழைய கேம்களை விற்பதற்கென்றே 2008ல் தொடங்கிய ஜிஓஜியும் அப்படித்தான்: விற்கும் டாஸ் கேம்களில் ஏராளமானவற்றின் உள்ளே இருப்பது டாஸ்பாக்ஸ்.

உரிமையாளர்கள் மட்டும் இதைச் செய்யவில்லையா என்றால், முயற்சி செய்தார்கள். ராக்ஸ்டார் 2021ல் வைஸ் சிட்டி உள்ளிட்ட மூன்று கேம்களின் புதுப் பதிப்பை வெளியிட்டது. அதற்கு முன்பே பழையவற்றைக் கடையிலிருந்து எடுத்தும்விட்டது. புதியதில் பிழைகள் குவிந்து மானம் போனதும் மன்னிப்புக் கேட்டு, பழையதைத் தன் கடையில் திரும்ப வைப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியாக ஒரு விசித்திரம். அந்தக் காலத்து ஒரிஜினல் சிடிக்கள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற காப்பிப் பாதுகாப்பு இருந்தது. அதற்கு விண்டோஸுக்குள் ஒரு டிரைவர் தேவை. பாதுகாப்பு ஓட்டை என்று 2015ல் விண்டோஸ் 10லிருந்து மைக்ரோசாஃப்ட் அதை நீக்கியது. ஆக, கிராஃபிக்ஸ் எல்லாம் ராப்பரால் சரியானாலும், கடையில் முழு விலை கொடுத்து வாங்கியவனின் சிடி புது மெஷினில் திறக்காது. அதற்காகவே அவன் எக்ஸ்பியை விர்ச்சுவல் மெஷினில் ஏற்றிவிட்டு 3டிக்கு அலைய வேண்டும். பிரவுசிங் சென்டரில் எழுதிக் கொடுத்த, பூட்டு உடைத்த 30 ரூபாய் சிடிக்கு அந்தக் கவலையே கிடையாது.